காலால் பிறந்த பாவாயி

பிள்ளை என்றால் தலை முதலில் வரும். பாவாயி பிறந்தபோது கால் முதலில் வந்ததாம். அதில் அவள் செய்த சாமர்த்தியம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த ஒரே காரணத்துக்காக எங்கள் தோட்டத்தில் அவளுக்குக் கிடைத்த மரியாதை, பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குக்கூடக் கிடைத்ததில்லை. காலால் பிறந்தவர்கள் காலை வைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. கப்பல் ஏறும்போது பாயையும் சட்டியையும் கொண்டுவந்த மாதிரி அதையும் கூடவே கொண்டுவந்திருந்தோம்.

என் பெயர் செல்லப்பன். மலாய் நாட்டில், பெக்கோக் ஸ்டேஷனில் இறங்கிச் செம்மண் சாலையில் வெகுதூரம் உள்ளே போனால் ஒரு கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர்த் தோட்டம், வரும். அங்கே பால்வெட்டினவன் நான். பாவாயி, அவள் புருஷன் அய்யாவு, இரண்டு பேரும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எனக்கு அடுத்த வீடு. அடுத்த வீடு என்றால் நடுவே ஒரு பலகைச் சுவர், அதுவும் கூரைவரை போகாது. அவர்கள் வீட்டில் கருவாடு வறுபடும் வாசம் வந்தால் என் பெண்சாதி ராஜம்மா எங்கள் வீட்டில் தட்டு எடுத்துவைத்துவிடுவாள். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் காதால் கேட்டதும் கண்ணால் பார்த்ததும்தான்.

ஜெர்மன் சண்டை தொடங்கின வருஷம் இரண்டு பேரும் சேலம் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். அய்யாவு வாயாடி. பாவாயி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவள், அதையும் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறவள். வந்த கொஞ்ச நாளிலேயே ஒரு விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் அந்தக் கூத்து நடந்தது. பெயர் கூப்பிட்டு ஆட்களை மர நிரைக்கு அனுப்புகிற நேரம். கங்காணி காளியப்பன் கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. அந்தப் பக்கமாக வந்த துரை, கங்காணி இன்றைக்கு ரொம்பப் பணிவாகக் கும்பிடுகிறார் என்று நினைத்துத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். எங்களுக்குச் சிரிக்கவும் பயம், சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

“எம் பொண்டாட்டி காலால பொறந்தவ கங்காணி! அவ மிதிச்சா விட்டுப்போயிரும்!” என்று கூட்டத்திலிருந்து அய்யாவு கத்தினான்.

பாவாயிக்கு உயிரே போய்விட்டது. கூலிக்கு வந்த பெண்ணின் கால் கங்காணியின் மேல் படுவதா? அவள் ராஜம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். கங்காணி குனிந்த வாக்கிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு, “காலோ கையோ, என்னமோ ஒண்ண வச்சு நிமித்தி விடுங்கடா” என்று கெஞ்சினார். அவரைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். பாவாயி கண்ணை இறுக மூடிக்கொண்டு இடது காலால் அவர் இடுப்பை மூன்று தரம் தொட்டாள். சற்று நேரத்தில் கங்காணி முனகிக்கொண்டே எழுந்து நின்றார். பிடிப்பு தானாக விடுகிற நேரமாகவும் இருந்திருக்கலாம். நான் அன்றைக்கே இதை அய்யாவிடம் சொன்னேன். அவன் அதன் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அன்றிலிருந்து அவள் கால் ஓய்ந்ததில்லை. எங்கள் பிழைப்பு அப்படி. பால்வெட்டுகிறவர்கள் தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்தும், உயர்ந்த வெட்டுக்கு அண்ணாந்தும் காலை முழுக்க மரத்துக்கு மரம் ஓட வேண்டும். பிறகு இரண்டு வாளிப் பாலைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் வைத்துக்கொண்டு, மேடும் ஓடையும் தாண்டி ஸ்டோருக்கு நடக்க வேண்டும். பால் தளும்பாமல் இருக்க உடம்பு ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். நாள் பூராவும் குந்தியபடி புல் பிடுங்குகிற பெண்களுக்கு முழங்காலில் நீர் கோத்துக்கொள்ளும். மரத்தில் பால் பிடிக்கிற மங்கைக் கழுவிக் கழுவிக் கிழவிகளின் விரல் மூட்டெல்லாம் இஞ்சிக் கிழங்காக வீங்கி நிற்கும். இடுப்பில் பிடித்த வலி குதிகால்வரை கம்பியாய் இழுக்கிறது என்று சிலர் வருவார்கள். ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிற கிராணிகூடக் கழுத்துப் பிடித்துக்கொண்டு, இருட்டுகிற நேரம் பார்த்து லயத்தின் பின்பக்கமாக வந்தார். பாவாயி கழுத்தைத் தொட மாட்டேன் என்று சொல்லி, உப்பு ஒத்தடம் கொடுத்து அனுப்பினாள்.

முதலில் வெறும் சாஸ்திரத்துக்குத் தொட்டவள், வருஷம் போகப் போக உண்மையிலேயே வேலையைக் கற்றுக்கொண்டாள். அய்யாவு உத்தரத்தில் ஒரு கயிறு கட்டிக் கொடுத்தான். அதைப் பிடித்துக்கொண்டு பாரத்தைக் குறைத்தும் கூட்டியும், முதுகுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் சதையில் மட்டும் குதிகாலை ஓட்டுவாள். ‘பாவாயி மிதி’ என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒரு சீப்பு வாழைப்பழம், கொஞ்சம் வெற்றிலை, அவ்வளவுதான் வாங்குவாள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையை மற்றவர்கள்தான் பேசினார்கள், அவர்கள் பேசிக் கேட்டதில்லை. வாசலில் ஆள் வந்து நின்றால் அய்யாவு முகத்தில் வருகிற பெருமையைப் பார்க்க வேண்டுமே! பாயை விரிப்பதும், எண்ணெய் எடுத்துக் கொடுப்பதும், வந்தவனிடம் போன வாரம் யார் எப்படி நடந்து போனான் என்று அளப்பதும் அவன் வேலை. லாபிஸ் கடைத்தெருவில் முன்பின் தெரியாத சீனக் கடைக்காரரிடம்கூட அரைகுறை மலாயில் தன் பெண்சாதியின் காலைப் பற்றிப் பேசுவான். இந்த ஒரு விஷயத்தில் அவனுக்கு வெட்கமே கிடையாது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் சிவசம்பு என்று ஒரு டிரெசர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். டாக்டர் மாதம் ஒரு முறை வந்து எட்டிப்பார்ப்பார். மற்ற நாளெல்லாம் எங்களுக்கு மருந்து, ஊசி, வசவு எல்லாம் இவர்தான். பாவாயியின் மிதியைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சண்டை பிடிக்க வந்தவர், அவள் செய்வதை நின்று பார்த்துவிட்டுச் சண்டையை மறந்துபோனார். வாசலில் கிடந்த ஆட்டுக்கல்லைக் காட்டி அவர் பாடம் நடத்தியது இப்போதும் என் காதில் கேட்கிறது.

“இஞ்சை பார் பாவாயி. தோள்மூட்டும் இடுப்புமூட்டும் இந்தக் குழவி குழிக்குள்ளை சுத்துற மாதிரி. எந்தப் பக்கமும் சுத்தும். முழங்கால் அப்பிடியில்லை, கதவுக் கீல் மாதிரி. ஒரு பக்கந்தான் மடங்கும். மற்றப் பக்கம் மடக்கினால் முறிஞ்சுபோம். முதுகெலும்பு வேறை விதம். சின்னச் சின்ன எலும்பை அடுக்கி, எலும்புக்கு எலும்பு நடுவிலை மெத்தை வைச்சிருக்கு. அதுக்குள்ளாலைதான் காலுக்குப் போற நரம்பெல்லாம் போகுது.”

“நாந் தண்டு மேல மிதிக்கறதில்லீங்கய்யா. ஓரந்தான்” என்றாள் பாவாயி.

“அது நல்லம். பாரம் தூக்கிப் பிடிச்ச பிடிப்பெண்டால் மிதி, நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆனால் முதுகு நோவோடை காய்ச்சலும் இருந்தால், ஆள் மெலிஞ்சுகொண்டு போனால், உன்ரை கால்விரலும் படக்கூடாது. உடனை என்னட்டை அனுப்பு. கயரோகம் நெஞ்சுக்கு மட்டுமில்லை, எலும்புக்குள்ளையும் வரும். விளங்கிச்சோ?”

“வெளங்குச்சுங்கய்யா.”

அய்யாவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அதன் பிறகு அவள் காலைத் தூக்குமுன் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி ஒன்றே. “காய்ச்சல் உண்டா?” உண்டு என்றால் கங்காணியாக இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள். அவள் அசைய மாட்டாள்.

இத்தனை கவனமாக இருந்தவளுக்கு அப்படி நடந்திருக்க வேண்டாம். எந்தக் கோயிலில் போய்க் கேட்பது?

அவர்கள் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அய்யாவுக்கு முதுகு வலிக்க ஆரம்பித்தது. காண்டா தூக்குகிறவனுக்கு முதுகு வலிப்பது ஒரு செய்தியா? நாங்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. பாவாயி மட்டும் அன்றைக்கே கேட்டாள். பலகைச் சுவர் வழியாக எனக்குக் கேட்டது.

“மாமா, காய்ச்சல் உண்டா?”

“காய்ச்சலாவது ஒண்ணாவது. எட்டாம் நம்பர் மேட்டுல இருந்து பால் தூக்கிட்டு வர்றேன், வலிக்காம என்ன பண்ணும்? வந்து மிதி புள்ள.”

அவள் மிதித்தாள். ஆகா, சொர்க்கம் என்றான் அவன். மறுநாள் பால் ஸ்டோரில் எல்லாரிடமும், “எனக்கென்ன, வீட்டுலயே வைத்தியம்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். மறுபடி வலித்தது. மறுபடி மிதித்தாள். பிறகு அது ஒவ்வொரு சாயந்தரமும் நடக்கிற காரியமாகிவிட்டது.

அவனுக்குச் சாயந்தரமானால் காய்ச்சல் வந்தது. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. வேலை விட்டதும் நேரே ஓடைக்குப் போய்க் கழுத்தளவு நீரில் உட்கார்ந்திருப்பான். உடம்பு குளிர்ந்த பிறகுதான் வீட்டுக்கு வருவான். சுத்தக்காரனாக மாறிவிட்டான் என்று நாங்கள் கேலி செய்தோம். பாவாயி அவன் முதுகில் கை வைத்துப் பார்ப்பாள், சில்லென்று இருக்கும். சாப்பாடு குறைந்ததைக் கேட்டால் பல் வலி என்பான். இடுப்பில் வேட்டி நிற்காமல் போனதைக் கேட்டால், உன் சமையல் அப்படி என்பான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவன் எதைச் சொன்னாலும் அவளுக்குச் சிரிப்பு வரும்.

ஏன் மறைத்தான் என்று நான் பிற்பாடு அவனிடமே கேட்டேன். முதுகில் கயம் என்று தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதி ஊருக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள், இந்த லயத்தையும் சனங்களையும் விட்டால் பாவாயிக்கு யார் இருக்கிறார்கள் என்றான். அது பாதிக் காரணம். மீதியைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். “ஊரு சனமெல்லாம் அவ காலுல நிமிந்து போகுது. சொந்தப் புருசனுக்கு ஆகலேன்னா அவ மனசு என்ன பாடுபடும் செல்லப்பா?” எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

அவன் மிதிபடப் படுக்கும்போது துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொள்வது வழக்கமாயிற்று. வெற்றிலைச் சாறு பாயில் வழியாமல் இருக்க என்று அவளிடம் காரணம் சொன்னான். அவளும் நம்பினாள். ஒரு நாள் அவள் குதிகாலுக்குப் பக்கத்தில், தண்டின் நடுவே சிறியதாய் ஒரு புடைப்புத் தட்டுப்பட்டது. வாயு முடிச்சுக் கட்டியிருக்கிறது, அதனால்தான் வலி போகவில்லை என்று நினைத்துக்கொண்டாள். கரையட்டும் என்று அதற்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் பாரம் கொடுத்தாள். “எப்படி இருக்கு மாமா?” என்று கேட்டாள். துண்டை எடுத்துவிட்டு, “சொகமா இருக்கு புள்ள” என்றான்.

அந்த மாதத்திலேயே அய்யாவுக்குக் கால் தடுமாறியது. ஸ்டோர் வாசலில் காண்டாவோடு சரிந்து இரண்டு வாளிப் பாலையும் கொட்டினான். காளியப்பன் கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசினார். அய்யாவு கொட்டிய பாலின் நடுவே உட்கார்ந்து, கால் மரத்துவிட்டது, இதோ எழுந்துவிடுகிறேன் என்று சிரித்துக்கொண்டே இருந்தான். நான்தான் தூக்கிவிட்டேன். இரண்டு காலும் விறைத்துப்போய்க் கட்டையாக இழுபட்டன. அடுத்த நாள் பெரட்டுக்குத் தகரம் தட்டியபோது அவனால் பாயை விட்டு எழவே முடியவில்லை.

சிவசம்பு வந்தார். அவனை மெதுவாகப் புரட்டி, கழுத்திலிருந்து விரலால் தண்டைத் தடவிக்கொண்டே வந்தார். புடைப்பில் விரல் நின்றது. பாதத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். முழங்காலைத் தட்டிப் பார்த்தார்.

“காய்ச்சல் எப்பயிருந்து?”

அய்யாவு கண்ணை மூடிக்கொண்டான்.

“டேய், உன்னைத்தான் கேக்கிறன்.”

“சாயந்தரத்துல மட்டுங்கய்யா... லேசா...”

“எங்கிட்ட இல்லேன்னு சொன்னீங்களே மாமா?” என்றாள் பாவாயி. அப்போதும் அவளுக்கு முழுசாக விளங்கவில்லை.

சிவசம்பு அவள் பக்கம் திரும்பினார். “நீ இவனை மிதிச்சனியோ?”

“மிதிச்சேனுங்கய்யா. தெனமும்.”

“மிதிக்கேக்கை இவன் கத்தேல்லையோ?”

“இல்லீங்கய்யா. சொகமா இருக்குன்னாரு.”

“சுகமோ!” என்றார் அவர். “இதிலை விரல் வைச்சாலே மனிசன் துள்ளுவான். நான் இப்ப தொட்டதுக்கு இவன் கை நடுங்கினதைப் பாக்கேல்லையோ? உள்ளுக்குள்ளை எலும்பு அரிச்சு இடிஞ்சுபோய்க் கிடக்கு. நீ மிதிச்சநேரம் இவன் எப்பிடித் தாங்கினவன்?”

பாவாயி அவனைப் பார்க்கவில்லை. பாயின் தலைமாட்டில் கிடந்த துண்டைப் பார்த்தாள். எடுத்து விரித்தாள். நடுவில் பல் பட்டுப் பட்டு நூல் பிரிந்து, கந்தலாகக் கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஒரு சத்தம் போட்டாள். இத்தனை வருஷம் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சத்தமாகப் பேசிக்கூட நான் கேட்டதில்லை. பிறகு நேரே அடுப்படிக்குப் போய் அம்மிக் குழவியைத் தூக்கினாள், தன் இடது பாதத்தின் மேல் போட. ராஜம்மா பாய்ந்து கையைப் பிடித்திராவிட்டால் அந்தக் கால் சப்பளிந்திருக்கும். உள்ளே இருந்து அய்யாவு, “புள்ள, வேணாம் புள்ள, எனக்கு ஒண்ணுமில்ல” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

டிரெசர் புறப்படும்போது அவள் வாசலை மறித்து நின்றாள்.

“ஐயா, நாந்தான் ஒடச்சுட்டேனா?”

“நோய் அரிச்சது பாவாயி. நீ மிதிக்காட்டிலும் இது ஒரு நாள் வந்திருக்கும்.”

“இவ்வளவு சீக்கிரமாவா வந்திருக்கும்?”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். துரையிடம் மன்றாடி அய்யாவைக் கப்பல் ஏற்றாமல் நிறுத்திவைத்தவர் அவர்தான். இந்த நோய்க்கு மருந்து இல்லை, அசையாமல் கிடப்பதுதான் வைத்தியம் என்றார். பலகை மேல் மல்லாந்து, தலையணை இல்லாமல், இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து ஒரு வருஷம் கிடந்தால் இடிந்த எலும்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டினால் நரம்புக்கு நெருக்கல் குறையும். முதலில் பாதத்தில் உணர்ச்சி வரும், பிறகு கால் வரும். அப்படி எழுந்து நடந்தவர்களை நான் கண்டிருக்கிறேன் என்று சொன்னார். பாவாயி அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். பாதத்தில் உணர்ச்சி வந்தால் போதும், மாமா நடந்துவிடுவார். அவளுக்கு உலகத்தில் அதைத் தவிர வேறு வேண்டுதல் இல்லாமல் போயிற்று.

காலையில் தன் மரங்களோடு அவன் மரங்களிலும் சேர்த்துப் பால்வெட்டினாள். மதியம் ஓடிவந்து அவனுக்கு ஊட்டினாள், துடைத்தாள், பீ மூத்திரம் எடுத்தாள். முதுகில் புண் வராமல் இருக்க அவனைப் புரட்ட வேண்டும். வளையாமல், முறுக்காமல், மரக்கட்டையைப் புரட்டுகிற மாதிரி இரண்டு பேர் ஒன்றாகப் புரட்ட வேண்டும். அதற்கு நான் போவேன். நான் தோளையும் இடுப்பையும் பிடித்துக்கொள்ள, அவள் காலைப் பிடித்துக்கொள்வாள்.

எப்படி இப்படி ஆயிற்று என்று கேட்க வந்தவர்களிடம் அய்யாவு ஒரு கதை கட்டிவைத்திருந்தான். ஓடையில் குறுக்கே போட்ட கட்டைப் பாலத்தில் மழைப்பாசி வழுக்கி, காண்டாவோடு மல்லாக்க விழுந்தானாம். விழுந்ததை விலாவாரியாக, சிரிப்பு வரும்படி நடித்துச் சொல்வான். தோட்டமே நம்பியது. ஆகவே பாவாயி மிதிக்கு ஆள் வருவது நிற்கவில்லை. அவள்தான் நிறுத்தினாள். உத்தரத்துக் கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டாள். ஒரு தடவை காளியப்பன் கங்காணியையே மறுபடி இடுப்புப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டு, முடியாது என்றாள். திமிர் பிடித்தவள் என்று அவர் கத்தினார். “போ புள்ள, பாவம், ஒரு மிதி மிதிச்சுட்டு வா” என்று உள்ளேயிருந்து அய்யாவு கெஞ்சினான். அவள் போகவில்லை. அதன் பிறகு பாயில் படுத்திருக்கும் யாரையும் அவள் தாண்டிக்கூடப் போனதில்லை, சுற்றித்தான் போவாள்.

தினமும் சாயந்தரம் அவன் காலடியில் உட்கார்ந்து பாதத்தைக் கையில் எடுத்துக்கொள்வாள். “தெரியுதா மாமா?” என்று கேட்பாள். இல்லை என்று அவன் தலையை ஆட்டுவான். அவள் எழுந்து சோறு வடிக்கப் போவாள். இப்படியே மாதங்கள் போயின. அவள் முகம் கருத்து, கண் உள்ளே போய்விட்டது. மல்லாந்து கிடப்பவனால் தன் காலைப் பார்க்க முடியாது. ஆனால் எழுந்து போகிற அவள் முகத்தைப் பார்க்க முடியும்.

ஒரு சாயந்தரம் அவன், “தெரியுது” என்றான்.

“என்ன மாமா?”

“தெரியுது புள்ள. பெருவெரல்கிட்ட... உங் கை படுறது தெரியுது.”

அவள் லயம் முழுக்க ஓடினாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, எங்க மாமாவுக்குக் கால் வந்துருச்சு என்று சொன்னாள். ராஜம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாவாயி மாரியம்மன் கோயிலில் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். வெல்லம் போட்டுப் பொங்கி எல்லார் வீட்டுக்கும் கொடுத்தாள். அந்த வாரம் முழுதும் அவள் சிரித்த மாதிரி அதற்கு முன் சிரித்ததே இல்லை. அவன் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சொல்லிக்கொண்டு வந்தான். இன்றைக்குப் பாதம், நாளைக்குக் கணுக்கால்.

சேதி கேட்டு சிவசம்பு மலர்ந்த முகத்தோடு வந்தார். அய்யாவின் கண்ணை ஒரு துணியால் மூடினார். பையிலிருந்து குண்டூசியை எடுத்தார். நான் தலைமாட்டில் நின்றேன், பாவாயி அவர் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள்.

“இப்ப குத்துறது தெரியுதோ?”

“தெரியுதுங்கய்யா” என்றான் அய்யாவு.

ஊசி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அவர் மறுபடி கேட்டார். மறுபடி தெரியுது என்றான். பிறகு உண்மையாகவே பெருவிரலில் குத்தினார். ஒரு சொட்டு ரத்தம் எட்டிப்பார்த்தது. அவன் எதுவும் தெரியாமல், அடுத்த கேள்விக்காகக் காத்துக்கொண்டு படுத்திருந்தான். கண்கட்டுக்குக் கீழே உதடு லேசாகச் சிரித்தபடி இருந்தது.

சிவசம்பு ஊசியைப் பைக்குள் போட்டார். “நல்லது. அப்பிடியே படுத்திரு” என்று சொல்லிக் கண்கட்டை அவிழ்த்துவிட்டு, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் போனார். பாவாயி சேலை நுனியால் அந்த ஒரு சொட்டு ரத்தத்தைத் துடைத்தாள். “டிரெசரய்யா என்ன புள்ள சொல்றாரு?” என்று கேட்டான். “நல்லதுன்னு சொல்லிட்டுப் போறாரு மாமா” என்றாள். அவள் அழவில்லை. ராஜம்மாவிடமும் எதுவும் சொல்லவில்லை. அன்று முழுக்க அவளைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். எந்த நேரம் குழவியைத் தூக்குவாளோ என்று எனக்குப் பயம்.

சாயந்தரம் புரட்டிவிடப் போனேன். வழக்கம்போல அவன் காலடியில் உட்கார்ந்திருந்தாள். வலது கையை நீட்டினாள். அந்தக் கை பாதத்துக்கு மேலே, அந்தரத்தில் நின்றது. பாதத்தில் படவில்லை. நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

“தெரியுதா மாமா?”

“தெரியுது புள்ள. நல்லாத் தெரியுது. உங் கை இன்னிக்கு என்ன இவ்ளோ சூடா இருக்கு?”

அவள் கையை எடுக்கவில்லை.

“அடுப்படியில இருந்து நேரா வந்தேன்ல மாமா, அதான்” என்றாள்.